திருக்கோவிலூரை எந்த மாவட்டக் கணக்கில் எழுதுவது?

கபிலர்குன்று எழுதியது:

வணக்கம். திருக்கோவிலூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். சட்டமன்றத் தேர்தல் பாடத்துக்காக 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களின் முடிவுகளையும் மாவட்ட வாரியாக எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டலாம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நம்பிய வேலை. முதல் நாளே நின்றுவிட்டது.

2021 கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். விழுப்புரம் மாவட்டம் 7 தொகுதிகள்: திமுக 4, அதிமுக 2, பாமக 1. கள்ளக்குறிச்சி மாவட்டம் 4 தொகுதிகள்: திமுக 3, அதிமுக 1. எழுதி முடித்துத் திரும்பியபோது மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றிருந்தாள். "ஐயா, நாங்கள் இருப்பது கள்ளக்குறிச்சி மாவட்டம். அப்பா பட்டா வேலைக்குக் கள்ளக்குறிச்சி கலெக்டர் அலுவலகத்துக்குத்தான் போகிறார். எங்கள் தொகுதியை மட்டும் ஏன் விழுப்புரத்தில் எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அவள் வீடு திருக்கோவிலூர் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நான் பதில் சொல்வதற்குள், அரகண்டநல்லூரிலிருந்து வரும் பையன் ஒருவன், "ஐயா எழுதியது சரிதான், எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டம்தானே" என்றான். இருவர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது தென்பெண்ணை ஆறும் ஒரு பாலமும்தான். இருவர் வீட்டுப் பெரியவர்களும் வாக்களிப்பது ஒரே சட்டமன்றத் தொகுதியில்.

மாணவி சொன்னபடியே ஒரு முறை மாற்றிப் பார்ப்போம் என்று திருக்கோவிலூரை அழித்துக் கள்ளக்குறிச்சிப் பக்கம் எழுதினேன். கள்ளக்குறிச்சி 5 தொகுதிகளாகி 4க்கு 1 என்று வந்தது. விழுப்புரத்தில் 6 தொகுதிகள் மிஞ்சின. திமுகவுக்கு 3, அதிமுகவும் பாமகவும் சேர்ந்த அணிக்கு 3. சரிசமம்! ஒரு வாக்குகூட மாறவில்லை. ஒரு பெயரை நான் இடம் மாற்றி எழுதியதற்கே, ஒரு கட்சி முந்திய மாவட்டம் யாரும் முந்தாத மாவட்டமாகிவிட்டது. வகுப்பே அமைதியாகிவிட்டது. எனக்கும் அந்த நேரத்தில் சொல்ல எதுவும் இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று முடித்துக்கொண்டேன்.

என் கேள்விகள் இவை. எந்தக் கணக்கு சரி? 2019இல்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது என்னும்போது, 2011, 2016 முடிவுகளை அதன் பெயரில் எழுதலாமா? மாவட்ட வாரியாக எழுதுவதே தவறு என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் தவறான ஒன்றைச் சுவரில் ஒட்டிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.


பழைய தென்னார்க்காடு எழுதியது:

தம்பி, அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் வேலை பல முறை பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை அலுவலகத்தில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

முதலில் ஒன்று. தேர்தல் முடிவுக்கு மாவட்டம் என்று ஒரு கணக்கே கிடையாது. தொகுதிதான் கணக்கு. தேர்தல் நடத்தும் அலுவலர் கையெழுத்திட்டு அறிவிப்பது தொகுதியின் முடிவை மட்டுமே. மாவட்ட ஆட்சியர் மாவட்டத் தேர்தல் அலுவலராக இருப்பது ஆட்களையும் வண்டிகளையும் எந்திரங்களையும் ஒருங்கிணைக்கத்தான். அந்த நிர்வாக வசதிக்காக ஒவ்வொரு தொகுதியும் ஒரு மாவட்டத்தின் பெயரில் நிற்கிறது. பட்டியலில் 70 செஞ்சி, 71 மயிலம், 72 திண்டிவனம், 73 வானூர், 74 விழுப்புரம், 75 விக்கிரவாண்டி, 76 திருக்கோவிலூர் ஆகியவை விழுப்புரத்தில் வருகின்றன. 77 உளுந்தூர்பேட்டை, 78 ரிஷிவந்தியம், 79 சங்கராபுரம், 80 கள்ளக்குறிச்சி ஆகியவை கள்ளக்குறிச்சியில் வருகின்றன. ஆகவே நீங்கள் முதலில் எழுதியது பட்டியல்படி சரி. மாணவி சொன்னது வருவாய்க் கணக்குப்படி சரி.

இரண்டும் ஏன் முட்டிக்கொள்கின்றன என்றால், மாவட்டத்தை மாநில அரசு அரசாணை போட்டுப் பிரித்துவிடலாம், தொகுதி எல்லையை அப்படித் தொட முடியாது. இப்போதைய எல்லைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2008 மறுவரையறையில் வந்தவை. அப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம் இல்லை. திருக்கோவிலூர், அரகண்டநல்லூர், திருவெண்ணெய்நல்லூர் எல்லாம் விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்தன, அதனால் ஒரே தொகுதியில் சேர்ந்தன. 2019இல் மாவட்டத்தைப் பிரித்தபோது கோடு தொகுதியின் நடுவே ஓடிவிட்டது. திருக்கோவிலூர் வட்டம் கள்ளக்குறிச்சிக்குப் போனது. கண்டாச்சிபுரம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் விழுப்புரத்தில் நின்றது.

மக்களவைக் கணக்கு இன்னும் வேடிக்கை. உளுந்தூர்பேட்டை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்தாலும் விழுப்புரம் மக்களவைத் தொகுதியில் வாக்களிக்கிறது. கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் சேலம் மாவட்டத்து ஆத்தூரும் கெங்கவல்லியும் ஏற்காடும் இருக்கின்றன. செஞ்சியும் மயிலமும் ஆரணியோடு போகின்றன.

இரண்டாவது கேள்விக்கு: 2011, 2016, 2021 மூன்றும் ஒரே தொகுதி எல்லையில் நடந்தவை. தொகுதியாக ஒப்பிடத் தடை இல்லை. மாவட்டமாகச் சேர்க்க வேண்டுமானால் மூன்றுக்கும் ஒரே கூட்டத்தைப் பிடியுங்கள், அதாவது பிரிக்கப்படாத விழுப்புரத்தின் பதினொரு தொகுதிகள். 2006 தேர்தலுக்கோ அதற்கு முந்தியவற்றுக்கோ மட்டும் போகாதீர்கள். அப்போது இருந்த முகையூர், கண்டமங்கலம், மேல்மலையனூர், சின்னசேலம் தொகுதிகள் இப்போது இல்லை. இன்னும் பழைய காலத்துக்குப் போனால் விழுப்புரம் மாவட்டமே 1993இல்தான் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது.

மூன்றாவதாக, உங்களுக்கு நிஜமாகவே உதவக்கூடியது படிவம் 20. ஒவ்வொரு தொகுதிக்கும் இறுதி முடிவுத் தாள் அதுதான். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். வரிசைக்கு ஒரு வாக்குச்சாவடி, பத்திக்கு ஒரு வேட்பாளர். நோட்டாவுக்கு ஒரு பத்தி உண்டு, 2011 தாளில் மட்டும் இருக்காது, ஏனென்றால் நோட்டா 2013இல்தான் வந்தது. கடைசியில் தபால் வாக்குகள் தனி வரியாக வரும்.

அந்தத் தாள் எப்படி உருவாகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வழக்கமாக ஒரு கூடத்தில் பதினான்கு மேசைகள். வாக்குகள் பதிவாகியிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி மேசைக்கு வந்ததும், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர்களின் முகவர்களிடம் முத்திரையைக் காட்டுவோம். அவர்கள் கையில் வாக்குப்பதிவு நாளன்று வாங்கிய படிவம் 17சி நகல், அதாவது அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்குத் தாள், இருக்கும். மொத்த வாக்கு அதில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு முடிவுப் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணும் வரிசையாகத் திரையில் வரும். முகவர் ஒருவர் "இன்னொரு முறை காட்டுங்கள்" என்பார், காட்டுவோம். எழுதி முடித்து அவர் தலையை ஆட்டிய பிறகுதான் அடுத்த கருவி. அப்படி ஒவ்வொரு கருவியிலிருந்தும் எழுதிய வரிகள்தான் படிவம் 20. என் வேலைக்காலத்தில் நான் மிகவும் மதித்த காகிதம் அது.

வாக்குச்சாவடிப் பட்டியலில் ஒவ்வொரு சாவடிக்கும் ஊர் பெயர் இருக்கும். அதையும் படிவம் 20ஐயும் பக்கத்தில் வைத்தால், திருக்கோவிலூர் தொகுதியில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சாவடிகள் எவை, விழுப்புரம் மாவட்டத்துச் சாவடிகள் எவை என்று பிரித்துவிடலாம். உங்கள் மாணவியின் கேள்விக்கு அதுதான் முழுப் பதில்.


நொய்யல் எழுதியது:

ஐயா, நான் கோயம்புத்தூர்க்காரன். எங்கள் மாவட்டத்தை வைத்து ஒன்று சொல்ல வேண்டும்.

2021இல் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அதிமுக அணியே வென்றது. அதிமுக 9, பாஜக 1. சென்னையின் 16 தொகுதிகளையும் திமுக அணி வென்றது. இரண்டையும் அடுத்தடுத்து அட்டையில் எழுதினால், கோவையில் திமுகவுக்கு ஆளே இல்லை, சென்னையில் அதிமுகவுக்கு ஆளே இல்லை என்றுதான் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். வெளியூர் நண்பர்கள் பலர் அப்படியே நினைக்கிறார்கள். "உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் அந்தக் கட்சிதானே" என்று கேட்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. எங்கள் வீட்டு ஐந்து வாக்குகளே மூன்று கட்சிகளுக்குப் போயின.

கோவை தெற்கை எடுத்துக்கொள்ளுங்கள். வானதி சீனிவாசன் 53,209. கமல்ஹாசன் 51,481. காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் 42,383. வேறுபாடு 1,728. வென்றவருக்கு விழுந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்கு. மாவட்ட அட்டையில் இது "பாஜக 1" என்று ஒரே எண்ணாகச் சுருங்கிவிடும். மூன்றாம் இடத்தில் வந்தவருக்கு வாக்களித்த நாற்பத்திரண்டாயிரம் பேர் அந்த அட்டையில் எங்கே?

பக்கத்து ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியில் பாஜக வென்றது 281 வாக்குகளில். சென்னை தியாகராய நகரில் திமுக வென்றது 137 வாக்குகளில். ஆத்தூரில் (திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர்) ஐ. பெரியசாமி வென்றது 1,35,571 வாக்குகளில். மூன்றுக்கும் அட்டையில் ஒரே "1".

நாம் தமிழர் கட்சியையும் மறக்க வேண்டாம். 234 தொகுதிகளிலும் நின்று மாநில அளவில் 6.58 விழுக்காடு வாங்கியது. எந்த மாவட்டக் கட்டத்திலும் அதற்குச் சுழியம்தான். எனக்கும் அந்தக் கட்சிக்கும் தொடர்பு இல்லை, ஆனாலும் அத்தனை வாக்குகளைக் காட்டாத அட்டையைப் பிள்ளைகள் முன் வைக்கக் கூடாது. இடத்தை ஒரு பத்தியிலும் வாக்கை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள், இதுதான் என் வேண்டுகோள்.


புள்ளிக்கோலம் எழுதியது:

வணக்கம் சார். நானும் ஆசிரியைதான், சேலம் மாவட்டம். போன ஆண்டு மாவட்டங்களுக்கு வண்ணம் பூசிய வரைபடம் ஒன்றை மாணவிகளோடு செய்தேன், பிறகு கிழித்துவிட்டேன். 16 தொகுதிகள் உள்ள சென்னை அதில் ஒரு சுண்டைக்காய் அளவு. அதைவிடப் பல மடங்கு பரப்புள்ள தருமபுரிக்கு 5 தொகுதிகள்தான். கண்ணுக்குப் பரப்பு தெரிகிறதே தவிர வாக்காளர் தெரியவில்லை. எங்கள் மாவட்டத்தில் 11இல் 10 தொகுதிகள் ஒரு அணிக்கு என்பதால் முழுவதும் ஒரே வண்ணம் பூசினோம். சேலம் வடக்கில் இருந்து வந்த மாணவி, "எங்கள் தொகுதி திமுக, டீச்சர்" என்றாள். அவள் தொகுதியை நாங்கள் வண்ணத்தால் மூடிவிட்டிருந்தோம்.

அதற்குப் பிறகு புள்ளி வைத்தோம். தொகுதிக்கு ஒரு புள்ளி, 234 புள்ளி. கோலத்துக்கு வைப்பது போலவே, மாவட்டத்துக்கு ஒரு கொத்தாக, ஏறக்குறைய வரைபடத்தில் இருக்கும் திசையில். சென்னைக் கொத்து பெரிதாகவும் பெரம்பலூரில் இரண்டே புள்ளிகளாகவும் சரியான அளவில் வந்துவிட்டன. நெருக்கமான போட்டி என்றால் புள்ளியை முழுதாக நிரப்பாமல் வளையமாக விட்டோம். உங்கள் திருக்கோவிலூரை இரண்டு கொத்துக்கும் நடுவில், கோட்டின் மேலேயே வையுங்கள் சார். அந்த மாணவியே வைக்கட்டும்.


கபிலர்குன்று எழுதியது:

மூவருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி பிரிக்கப்படாத விழுப்புரத்தின் பதினொரு தொகுதிகளை மூன்று தேர்தலுக்கும் எழுதினோம். எழுதியதும் நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது, அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

2016இல் திமுக 7, அதிமுக 4. 2021இல் திமுக 7, எதிரணி 4. அதே எண். மாநிலத்தில் 2016இல் அதிமுக ஆட்சியைத் தக்கவைத்தது, 2021இல் திமுக அணி 159 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. ஆட்சியே மாறியபோது எங்கள் மாவட்டம் மட்டும் அசையவில்லை என்று மொத்த எண் சொல்கிறது. ஒரு மாணவன் அப்படியே சொல்லவும் சொன்னான், "நம் ஊரில் யாரும் மனம் மாறவில்லை ஐயா" என்று.

தொகுதிப் பெயர்களுக்கு நேராக விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். விழுப்புரமும் உளுந்தூர்பேட்டையும் அதிமுகவிடமிருந்து திமுகவுக்கு வந்திருக்கின்றன. திண்டிவனம் திமுகவிடமிருந்து அதிமுகவுக்கும், மயிலம் திமுகவிடமிருந்து பாமகவுக்கும் போயிருக்கின்றன. பதினொன்றில் நான்கு மாறியிருக்கின்றன. இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், அதனால் மொத்தம் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பையன் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

2011ஐ எழுதும்போது அடுத்த சிக்கல். அந்த ஆண்டு செஞ்சி தவிரப் பத்தும் அதிமுக அணிக்கு. செஞ்சியில் வென்றது பாமக, அப்போது அது திமுக அணியில் இருந்தது. 2016இல் தனித்து நின்றது. 2021இல் மயிலத்தில் வென்றபோது அதிமுக அணியில். ரிஷிவந்தியத்தில் 2011இல் வென்றவர் தேமுதிகவின் விஜயகாந்த், அதிமுக அணி. 2016இல் அவர் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து உளுந்தூர்பேட்டையில் நின்று தோற்றார். அணிக்கு ஒரு வண்ணம் என்று வைத்தால் ஒரே கட்சி ஆண்டுக்கொரு வண்ணத்தில் வருகிறது. கட்சிக்கு ஒரு வண்ணம் என்று வைத்தால் யாருடைய வாக்கு யாருக்கு உதவியது என்பது மறைகிறது. கட்சியை வண்ணத்திலும், அணியைப் புள்ளியைச் சுற்றிய வட்டத்திலும் காட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பெரியவர் கருத்து என்ன?


பழைய தென்னார்க்காடு எழுதியது:

நன்றாக இருக்கிறது. சின்னத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். 2021இல் திமுகவுக்கு 133 என்று தேர்தல் ஆணையக் கணக்கில் இருப்பதில் உதயசூரியன் சின்னத்தில் நின்ற தோழமைக் கட்சிகளும் உண்டு. மதிமுக 4, மனிதநேய மக்கள் கட்சி 2, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 1, தமிழக வாழ்வுரிமைக் கட்சி 1. அந்த எட்டைக் கழித்தால் 125. உங்கள் பதினொன்றில் அந்தத் தொல்லை இல்லை, மாநிலம் முழுவதற்கும் செய்யும்போது வரும்.

தலைப்பில் "பொதுத்தேர்தல்" என்று எழுத மறக்காதீர்கள். விக்கிரவாண்டியில் 2019இலும் 2024இலும் இடைத்தேர்தல் நடந்திருக்கிறது. 2016இல் திமுக வென்ற அந்தத் தொகுதி 2019 இடைத்தேர்தலில் அதிமுகவுக்குப் போய், 2021இல் திரும்பி வந்தது. உங்கள் அட்டையில் 2016, 2021 இரண்டிலும் திமுக என்றுதான் இருக்கும். நடுவில் நடந்தது தெரியாது. ஓரத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

சாவடி பிரிக்கும் வேலை எந்த அளவில் இருக்கிறது?


கபிலர்குன்று எழுதியது:

பாதி முடிந்திருக்கிறது ஐயா. அச்செடுத்த படிவம் 20ஐ வகுப்பில் எட்டுக் குழுவுக்குப் பிரித்துக் கொடுத்தேன். கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சாவடிக்குப் பச்சைக் கோடு, விழுப்புரம் மாவட்டத்துச் சாவடிக்கு நீலக் கோடு. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எந்த வட்டம் என்று பிள்ளைகளுக்கே தெரிகிறது. எனக்குத் தெரியாத குக்கிராமங்களுக்குக்கூட, "அது என் சித்தி ஊர், கண்டாச்சிபுரம் வட்டம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்கள். தெரியாததை மட்டும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கிறோம்.

கேள்வி கேட்ட மாணவி தன் அப்பா வாக்களித்த சாவடியின் வரியைக் கண்டுபிடித்தாள். அளவுகோலை அந்த வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு போனாள். நோட்டா வரைக்கும் படித்தாள். பிறகு, "இதில் ஒன்று அப்பாவுடையது, எது என்று தெரியாது" என்றாள். தெரியக் கூடாது என்பதுதான் சட்டம் என்று சொன்னேன்.

தபால் வாக்குகளை மட்டும் எந்த நிறத்திலும் சேர்க்க முடியவில்லை, அவற்றுக்குச் சாவடி இல்லையே. இரண்டு மாவட்டத்துக்கும் நடுவில் தனி வரியாக எழுதி, "இரண்டிலிருந்தும்" என்று குறித்திருக்கிறோம். திருக்கோவிலூருக்கான புள்ளியைக் கோட்டின் மேல் வைத்தாயிற்று. கூட்டல் முடிந்ததும் இரு பக்கத்து எண்களையும் இங்கே போடுகிறேன், நீங்கள் ஒரு முறை சரிபார்த்துத் தர வேண்டும்.